மலிவான கத்திகளுக்கு மரப்பிடியும் தோலுறையும் செய்தல்: ஆலோசனை தேவை

நீர்வேலி வாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா நீர்வேலியில் பன்னிரண்டு பரப்பில் வாழை வைத்திருக்கிறார். காய்ந்த சருகை அரிவது, பக்கக் கன்று கழிப்பது, பொத்தி ஒடிப்பது, குலை இறக்கிய பின் சீப்புப் பிரிப்பது என்று அவருடைய நாள் முழுவதும் கத்தியோடுதான் கழிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நீர் இறைக்கும் இயந்திரத்தில் சிக்கியதால் வலது கைச் சுட்டுவிரல் முழுவதுமாக மடங்காது. அதனால் மெல்லிய பிடியுள்ள எந்தக் கத்தியும் அவருடைய கைக்குள் உருளுகிறது. பழைய சாரத் துணியைப் பிடியில் சுற்றி நைலோன் கயிற்றால் கட்டித்தான் வேலை செய்கிறார். அந்தத் துணி வாழைக் கயர் (வெட்டினால் வடியும் கறைச்சாறு) ஊறிக் கறுத்துப்போய், மழை நாளில் இன்னும் மோசமாக வழுக்குகிறது.

நல்லூர்த் திருவிழாவுக்கு நோர்வேயிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன் இரண்டு கத்திகள் தந்துவிட்டுப் போனார். இரண்டும் சுவீடனில் மோரா என்ற ஊரில் செய்யப்பட்டவை. ஒன்றுக்குச் சிவப்பு வர்ணம் பூசிய மரப்பிடி. மற்றதற்குப் பிளாஸ்ரிக் பிடியும் பிளாஸ்ரிக் உறையும். அந்த நாடுகளில் தச்சரும் மீனவரும் இடுப்பில் செருகித் திரியும் மலிவான கத்திகள்தாம் இவை என்று அண்ணா சொன்னார். ஆனால் அலகு எடுத்த எடுப்பிலேயே தாளைச் சீவும் கூராக இருக்கிறது. இவற்றுக்கு அப்பாவின் கைக்குப் பொருத்தமான மரப்பிடியும், இடுப்பில் கட்டத்தக்க தோலுறையும் நானே செய்து கொடுக்க விரும்புகிறேன்.

பழகிப் பார்ப்பதற்காகச் சந்தையில் பிளாஸ்ரிக் பிடி போட்ட சாதாரணக் கத்தி ஒன்றும் வாங்கினேன். பிடியைக் கழற்றத் தெரியாமல் அடுப்பு நெருப்பில் காட்டி உருக்கி எடுத்தேன். பிடி கழன்றது; ஆனால் பிடியடியிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்கு அலகு மயில்கழுத்து நீலமாகவும், அதற்கு அப்பால் வைக்கோல் மஞ்சளாகவும் மாறிவிட்டது. இந்தக் கத்தி கெட்டுவிட்டதா? மோராக் கத்திகளின் பிடியை எப்படிக் கழற்றுவது? வீட்டில் பழைய கூரையிலிருந்து கழற்றிய பனஞ்சிலாகைகளும், ஒரு முதிரை நிலையின் துண்டும், வேலியில் தறித்த பூவரசங் குற்றியும் கிடக்கின்றன. இவற்றுள் எது பிடிக்கு ஏற்றது? உறைக்கு எந்தத் தோலைக் கேட்டு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் பொறுமையோடு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கம்மாலை வீடு எழுதியது:

பிள்ளை, முதலில் அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றிலும் அது முக்கியமானது. கத்தி அலகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த பின், அது கண்ணாடி போல் நொறுங்காமல் இருப்பதற்காக மறுபடி மெல்லிய சூடு காட்டுவார்கள். அந்த இரண்டாவது சூடு எவ்வளவு ஏறியது என்பதை உருக்கின் மேல் படரும் நிறமே காட்டும். காபன் உருக்கில் 200 பாகை செல்சியசைத் தாண்டும்போது வைக்கோல் மஞ்சள் வரும். 250 அளவில் கபிலம். 300 அளவில் நீலம். வைக்கோல் நிறத்தில் கத்தி நிற்கும். நீலம் வரைக்கும் போனால் அது வில்லுத்தகட்டின் குணத்துக்குப் போய்விடும்: வளைந்து நிமிரும், ஆனால் கூர் தாங்காது. உங்களுடைய கத்தியில் நீலம் படர்ந்த இரண்டு விரல் தூரம் மென்மையாகிவிட்டது. ஒரு சிறிய அரத்தை எடுத்து அந்த இடத்திலும் நுனிப் பக்கத்திலும் மெதுவாக உரசிப் பாருங்கள். நீலப் பகுதியில் அரம் கடித்துத் தூள் எடுக்கும். நிறம் மாறாத நுனியில் வழுக்கிக்கொண்டு போகும். நுனி வழுக்கினால் கத்தியை எறிய வேண்டாம். சீப்புப் பிரிக்கவும் நார் கிழிக்கவும் நுனிப்பக்கம் போதும். பிடி செய்து பழகுவதற்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மோராக் கத்திகளுக்கு நெருப்பைக் காட்டவே கூடாது. மோராவுக்கு அருகிலுள்ள ஒஸ்ட்னோர் கிராமத்தில் 1891 இல் தொடங்கிய தொழிற்சாலையின் வழியில் வந்தவை இவை. இன்றைக்கு அந்தக் கத்திகளின் காபன் அலகு ரொக்வெல் அளவில் 58 முதல் 60 வரையும், கறையில் உருக்கு (ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்) அலகு 56 முதல் 58 வரையும் கடினம் உடையவை. கத்தியின் விலை மலிவு, ஆனால் சூடேற்றும் வேலையை அவர்கள் மிகச் சரியாகச் செய்துதான் அனுப்புகிறார்கள். நாம் வீட்டில் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும், கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கிறைண்டரில் தீட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. விரலால் தொட முடியாத அளவுக்கு அலகு சுட்டால் உடனே நீரில் தோய்த்து ஆற்ற வேண்டும்.

பிடி கழற்றுவதற்கு முன் அலகின் இரு பக்கமும் தடித்த மட்டையை வைத்து ஒட்டுநாடாவால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். எங்கள் பட்டறையில் நான் கண்ட வெட்டுக் காயங்களில் பெரும்பாலானவை கத்தியைப் பாவிக்கும்போது வந்தவை அல்ல; பிடி போடும்போது வந்தவை. அதன் பின் பிளாஸ்ரிக் பிடியை முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் நீளவாக்கில் அறுத்து, உளியை நுழைத்துத் திருகினால் இரண்டு பாதியாக விரியும். மரப்பிடியை மரத்தின் நாரோடு உளி வைத்துப் பிளக்கலாம். உள்ளே அலகின் அகலம் இருக்காது, ஒடுங்கிய வால்தான் இருக்கும். எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பது கத்திக்குக் கத்தி மாறுபடும் என்பதால் பிளந்து பார்த்த பின்தான் மரத்தின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

என் தந்தையார் காலத்தில் வாலை மட்டும் பழுக்கக் காய்ச்சி, அலகுக்கு ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மரத்துக்குள் சுட்டு இறக்குவார்கள். இடைவெளிக்கு அரக்கையும் செங்கல் தூளையும் உருக்கி ஊற்றுவார்கள். அந்தக் கை எல்லோருக்கும் வராது. நீங்கள் வாலின் அகலத்துக்குப் பக்கம் பக்கமாக மூன்று துளை இட்டு, மெல்லிய அரத்தால் அவற்றை ஒன்றாக்குங்கள். வால் தானாக முக்கால் தூரம் இறங்கி, கடைசிக் கால்பங்குக்குத் தட்ட வேண்டியிருந்தால் அது சரியான பொருத்தம். வாலை முரட்டு அரத்தாளால் கீறி, சாராயத்தால் (மருந்துக்கடை ஸ்பிரிற் நல்லது) எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, எப்பொக்சிப் பசையை நிரப்பி இறக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை வாங்காதீர்கள். ஒரு நாள் எடுத்து இறுகுவதுதான் ஈரத்தையும் அதிர்ச்சியையும் தாங்கும். பிடியின் வாயில் ஒரு பூண் கட்டாயம் வேண்டும். செப்புக் குழாயில் ஒரு விரல் அகலம் அறுத்து, இடுக்கியில் மெதுவாக அமுக்கி முட்டை வடிவாக்கி இறுக்கிப் போட்டால், மரம் எத்தனை வெயில் கண்டாலும் வாயில் பிளக்காது. உலக்கைக்குப் பூண் போடுகிற காரணமும் இதுவே.

மரவாசம் எழுதியது:

கம்மாலை ஐயா சொன்னதில் சேர்க்க ஒன்றும் இல்லை. மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சாவகச்சேரியில் தளபாட வேலை செய்கிறேன்.

பனஞ்சிலாகையில் பிடி செய்யும் ஆசை நம் ஊரில் கத்தி செய்கிற எல்லோருக்கும் ஒருமுறை வரும், எனக்கும் வந்தது. பழைய சிலாகையின் வெட்டுமுகத்தைச் சீவி நனைத்துப் பாருங்கள்: தவிட்டு நிறத்தில் கறுப்பு எள்ளைத் தூவியது போல் இருக்கும். பனையின் வைரம் மரத்தின் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. நடுவே போகப்போகச் சோறு. அந்தக் கறுப்பு எள் ஒவ்வொன்றும் ஒரு நாரின் வெட்டுவாய். நீளவாக்கில் சீவினால் கறுப்புக் கோடுகளாக ஓடும். சற்றுச் சாய்த்து அறுத்தால் கோடுகள் மீன்முள் போல் விரிந்து வரும். அழகில் அதற்கு நிகரில்லை. ஆனால் நாருக்கும் நாருக்கும் இடையே உள்ள சதை மென்மையானது. அரத்தாள் அந்தச் சதையைத் தின்று நாரை மட்டும் நிமிர்த்திவிடும். அந்த நார் கையில் ஏறினால் சிராய் எடுப்பது மிகவும் சிரமம். நீர் போல ஓடுகிற சுப்பர் குளூவை இரண்டு மூன்று முறை ஊற விட்டு, காய்ந்த பின் தேய்த்தால்தான் மேற்பரப்பு ஒன்றாகும். வீட்டில் காகிதம் வெட்டும் கத்திக்கு அப்படிச் செய்யலாம். நாள் முழுவதும் ஈரத்திலும் கயரிலும் புரளும் கத்திக்கு நான் பனையைப் போடமாட்டேன்.

உங்களிடம் இருப்பதில் தலைசிறந்தது அந்த முதிரை நிலைத் துண்டு. பல ஆண்டுகள் ஒரு வீட்டின் வாசலில் நின்று காய்ந்த மரம் இனிச் சுருங்குவதற்கு இடமில்லை. கடினம், கனம், பொன்னிறம், ஈரத்துக்கு அசையாமை என எல்லாம் உண்டு. ஒரேயொரு எச்சரிக்கை: முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தரும். முகக்கவசம் போட்டு, நீளக்கைச் சட்டையோடு, காற்று உங்களிடமிருந்து வெளியே போகும் திசையில் இருந்து தேயுங்கள். வேலை முடிந்ததும் குளியுங்கள். பூவரசு நல்ல மரம், உளிக்கு இணங்கும், கையில் சூடேறாது; ஆனால் வேலியில் தறித்த குற்றி பச்சையாக இருக்கும். பிளந்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் ஒரு வருடமாவது போட்டு வையுங்கள். பச்சை மரத்தில் போட்ட பிடி முதல் சோளகத்திலேயே வெடித்துப் பூண் கழன்று ஆடும். கருங்காலி கேட்டு எங்கும் அலைய வேண்டாம். அதற்குச் சட்டத் தடை இருக்கிறது, உடைந்த பழைய தளபாடத்தில் துண்டு கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

இனி உருவம். விரல் மடங்காதவருக்குச் செய்யும் பிடியை நம் கையில் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. பிசைந்த களிமண்ணை ஒரு குச்சியில் தடிப்பாக அப்பி, அப்பாவிடம் கொடுத்து, சருகு அரிகிறபோது பிடிப்பது போலவே ஐந்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று விரலும் பதிந்த பள்ளங்களும், சுட்டுவிரல் நேராகக் கிடந்த தடமும் அந்த மண்ணில் இருக்கும். காய்ந்ததும் அதுதான் உங்கள் அளவு. மேலும், பிடியின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்கக் கூடாது. கோழிமுட்டையை நீளவாக்கில் பார்த்த வடிவம், ஒடுங்கிய பக்கம் கத்தியின் வயிற்றுப் பக்கம் வருமாறு இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று உள்ளங்கை சொல்லிவிடும்.

பூச்சுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காய்வதில்லை, நாளடைவில் காறல் வாடை வீசும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி, இப்படி ஐந்து முறை. அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே வெப்பம் உண்டாக்கும்; சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்து விரித்துக் காய விடுங்கள்.

பாசையூர்க் கரை எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. சிவப்புப் பிடிக் கத்தியைப் பிளக்க வேண்டாம், தங்கச்சி. உள்ளே இருப்பது பேர்ச் மரம், நல்ல மரம்தான். வழுக்குவது மேலே உள்ள வர்ணம். கண்ணாடித் துண்டால் வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். நான் அப்படி மாற்றிய கத்தியை ஆறு ஆண்டுகளாகப் படகில் பாவிக்கிறேன். பருமன் போதாவிட்டால் மட்டும் புதிய பிடிக்குப் போங்கள். பிளாஸ்ரிக் பிடிக் கத்தியில் கறையில் உருக்கா காபன் உருக்கா என்று அலகிலேயே பொறித்திருக்கும். கறையில் உருக்கு என்றால் அதைத்தான் வாழைக்கு எடுக்க வேண்டும். காபன் அலகு கயர் பட்ட அன்றே கறுக்கும். அந்தக் கறுப்பு துரு அல்ல, கெடுதலும் இல்லை, ஆனால் துடைக்காமல் வைத்தால் வாடைக் காலத்தில் மறுநாளே செந்துரு பிடிக்கும்.

உறை தைக்க நூல் தேடி அலைய வேண்டாம். வலை பொத்தும் நைலோன் நூல் இங்கே எந்தக் கடையிலும் உண்டு. தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துவிட்டுத் தையுங்கள்.

நீர்வேலி வாழை எழுதியது:

மூவருக்கும் மிகுந்த நன்றி. அரத்தை வைத்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே நீலத்தில் கடித்தது, நுனியில் வழுக்கியது. பிளாஸ்ரிக் பிடிக் கத்தியில் கறையில் உருக்கு என்றுதான் பொறித்திருக்கிறது, ஆகையால் அதற்கே முதிரைப் பிடி என்று முடிவு செய்துவிட்டேன். களிமண் அளவும் எடுத்தாயிற்று. மண்ணைப் பிடித்துக்கொண்டு அப்பா திண்ணையில் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தார். சுட்டுவிரல் பிடியின் முதுகில் நீளமாகக் கிடக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அவர் அப்படித்தான் பிடிக்கிறார் என்பதை இப்போதுதான் கவனித்தேன். அந்த விரலுக்கு முதுகில் ஒரு சிறு தட்டையான இடம் விடப் போகிறேன்.

தோலைப் பற்றித்தான் இன்னும் தெளிவில்லை. இணுவிலில் தவில் வேலை செய்யும் இடத்தில் தோல் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். அது பொருந்துமா?

தோல்வினை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. வண்ணார்பண்ணையில் செருப்புக் கடையில் தொழில் பழகி, இப்போது ரொறன்ரோவில் தோல் வேலை செய்கிறேன்.

தவிலுக்குப் போடுவது பதனிடாத பச்சைத் தோல். காய்ந்தால் பலகை போல் இறுகும், ஈரம் பட்டால் தொய்ந்து நாறும். உப்பிட்டுக் காய்ந்த தோலாயின் அந்த உப்பே அலகைத் தின்றுவிடும். கைப்பை, சோபா முதலியவற்றுக்குப் போடும் மிருதுவான தோல் குரோமிய உப்பில் பதனிட்டது, அதுவும் வேண்டாம். அது வடிவத்தில் நிற்காது, நாட்பட்டால் காபன் அலகில் துருவும் வரவழைக்கும். உங்களுக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடுவது மிகப் பழைய முறை. பழைய முறைச் செருப்பின் அடித்தோலைக் கேளுங்கள், 3 மில்லிமீற்றர் தடிப்பு போதும். வாங்கும் முன் மூன்று சோதனை செய்யலாம். வெட்டுவாயைப் பாருங்கள்: பட்டைத்தோல் நடுவிலும் கபில நிறமாக இருக்கும், குரோமியத்தோல் பெரும்பாலும் நீலச்சாம்பல். ஒரு சொட்டு நீர் விடுங்கள்: பட்டைத்தோல் உடனே குடித்துக் கருமையாகும். நகமளவு துண்டைக் கொளுத்துங்கள்: குரோமியத்தோலின் சாம்பல் பச்சை சாயும்.

உறையில் பழகாதவர் செய்யும் பெரிய பிழை இடைவாரை விட்டுவிடுவது. இரண்டு தோலையும் நேராகச் சேர்த்துத் தைத்தால் அலகின் கூர் தையல் நூலின் மேலேயே போய்வரும். சில மாதத்தில் நூல் அறுந்து கத்தி தொடைப்பக்கம் வெளிவரும். ஆகையால் கூர்ப்பக்கத்தில் ஒரு விரலகலத் தோல்வாரை இரண்டுக்கும் நடுவே வைத்து, மூன்றையும் ஒட்டி, அதன் பின் தையுங்கள். விளிம்பிலிருந்து 4 மில்லிமீற்றர் உள்ளே கோடு கீறி, குத்தூசியால் 4 மில்லிமீற்றருக்கு ஒரு துளை. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிரே போக வேண்டும். இயந்திரத் தையல் ஒரு இடத்தில் அறுந்தால் முழுவதும் பிரியும். இந்தத் தையலில் அறுந்த இடம் மட்டும்தான் போகும்.

தைத்த பின் வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். கொதிநீர் தோலைச் சுருக்கிக் கெடுக்கும். கத்தியைப் பொலித்தீனால் சுற்றி உள்ளே இறக்கி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துப் பிடியின் வடிவத்தைத் தோலில் எழுப்புங்கள். பிடியின் மூன்றிலொரு பங்கு உறைக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் அப்பா குனிந்தாலும் கத்தி விழாது. இரண்டு நாள் நிழலில் காயட்டும், வெயிலில் வைக்காதீர்கள். அப்பா சாரம் உடுத்திக்கொண்டு தோட்டத்தில் நிற்பவராயின் பெல்ற் போகும் வளையம் பயன்படாது. உறையின் முதுகில் இரு துளை இட்டு, இடுப்பில் கட்டத்தக்க அகலமான வார் ஒன்றைக் கோத்துவிடுங்கள்.

தோல் கறுப்பாக வேண்டுமானால் சாயம் வாங்கத் தேவையில்லை. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊறப்போட்டு, வடித்துப் பூசுங்கள். பட்டைத்தோலில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, கண் முன்னே ஒரு நிமிடத்தில் கறுக்கும். முன்னோர் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை செய்ததும் இதே வழியில்தான். பூசிய பின் அப்பச் சோடா கரைத்த நீரால் புளிப்பைக் கழுவிவிடுங்கள். கடைசியாகத் தேன்மெழுகை வெளிப்புறம் மட்டும் சூடாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் நிறைய ஊற்றினால் உறை தொய்ந்துபோகும்.

நீர்வேலி வாழை எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். பிடி நன்றாக அமைந்துவிட்டது. முதல் உறை பாழாகிவிட்டது, அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தேன், வாய்ப்பக்கம் சுருங்கிக் கத்தி இறங்கவில்லை. இரண்டாவதை அடுப்பங்கரை நிழலில் மூன்று நாள் தொங்கவிட்டேன், அது சரியாக வந்தது. அப்பா ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் துணி சுற்றிய பழைய கத்தி இப்போது கிணற்றடியில் கிடக்கிறது. புதியதைத்தான் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார். சிவப்புப் பிடிக் கத்தியின் வர்ணத்தைப் பாசையூர் அண்ணா சொன்னபடி சுரண்டிவிட்டேன், அது அம்மாவின் குசினிக்குப் போய்விட்டது.

ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து உறையின் அடியில் ஈரம் தங்குகிறது, உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிகிறது. என்ன செய்யலாம்?

தோல்வினை எழுதியது:

நுனிப்பக்கத்தில், தையலுக்குச் சற்று உள்ளே, கடலையளவு ஒரு துளை இடுங்கள், நீர் வடிந்துவிடும். பூஞ்சணத்தை ஸ்பிரிற் தொட்ட துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து, காற்றோட்டத்தில் காயவையுங்கள். இரவில் கத்தியை உறையில் வைக்க வேண்டாம். கத்தி வேறாகவும் உறை வேறாகவும் ஆணியில் தொங்கட்டும். மார்கழி முடியும்வரை இதைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள்.